மாமாவின் அட்டையில் என் ரத்தம்

ஜூன் 4

மாமா,

லிஃப்ட்டையே தூக்கி நிறுத்துறவருக்கு ஒரு போனைத் தூக்க முடியலை. பதினேழு தடவை அடிச்சேன். மாமான்னு கூப்பிட்டா ஆமான்னுகூடச் சொல்லாத மாமா உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். அதனால கடிதம். இதைக் கட் பண்ண முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிக்கிறதுக்கு முன்னாடி கண்ணு எப்படியும் ஒரு வரியைப் படிச்சிரும். அந்த ஒரு வரி இதுவா இருக்கட்டும்: உங்க ரத்தப் பரிசோதனை முடிவு வந்துருச்சு.

ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஊர் மாறிப் போக நீங்க பெட்டி கட்டிக்கிட்டு இருந்தப்ப நான் ஒரு அட்டையோட வந்து நின்னேனே, அதோட முடிவு. நாலு வட்டம், வட்டத்துக்கு ஒரு சொட்டு. இருபது மாடி லிஃப்ட் குழிக்குள்ள கயித்துல தொங்குற ஆளு, பென்சில் முனை அளவு ஊசிக்குக் கண்ணை மூடிக்கிட்டீங்க. அதை நான் யார்கிட்டயும் சொல்லலை. பன்னிரண்டு பேர்கிட்டதான் சொல்லியிருக்கேன்.

கோவிச்சுக்காதீங்க. கோபப்பட வேண்டியவங்க அம்மா. பிப்ரவரியில நெஞ்சு டாக்டர் அவங்ககிட்ட, "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?"னு கேட்டார். அம்மா, "நாலு"ன்னாங்க. நீங்க குறுக்க புகுந்து, "டாக்டர், நான் இருபது வருஷமா நாளுக்கு இருபது குடிக்கிறேன். இன்னைக்கும் படியில ஓடித்தான் ஏறுறேன். நாலுக்கு ஒருத்தியோட நுரையீரல் இப்படி ஆகுமா? அக்கா பொய் சொல்றா"ன்னீங்க. அன்னைக்கு மூடின வாயை அம்மா உங்களுக்காக இன்னும் திறக்கலை. புகை விட்டது நீங்க, புகைச்சல் எங்க வீட்ல.

அப்புறம் ஏப்ரல்ல தெரிஞ்சுது, நாலே போதும்னு. ஆஸ்பத்திரியில எல்லாரையும் குழாய்ல ஊதச் சொல்லி மூச்சை அளக்குற அக்கா இருக்காங்கல்ல, நான் அவங்களுக்கு ஊதல் அக்கான்னு பேர் வெச்சிருக்கேன், அவங்கதான் புரியுற மாதிரி சொன்னாங்க. நுரையீரலுக்குன்னு ஒரு காவல்காரப் புரதம் இருக்காம். புகை உள்ள போனா அதை விரட்ட ஆளுங்க வருவாங்க. வந்தவங்க புகையோட சேர்த்து வீட்டுச் சுவரையும் கடிச்சு வைப்பாங்க. அவங்களைப் பிடிச்சு நிறுத்துறதுதான் காவல்காரன் வேலை. அவனைச் செய்யுற குறிப்பு நம்ம ஒவ்வொருத்தர் உடம்புலயும் ரெண்டு பிரதி. ஒண்ணு அப்பா தந்தது, ஒண்ணு அம்மா தந்தது. அம்மாவுக்கு ரெண்டுமே பிழை. அதனால நாப்பத்திநாலு வயசுல எழுபது வயசு மூச்சு.

உங்க அட்டைக்கு வந்த முடிவு: ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டது. எனக்கும் அப்படியேதான். எனக்கு ஒண்ணு கெட்டதா இருக்கும்னு முன்னாடியே தெரியும், அது அம்மா தந்த சீதனம்.

அறிக்கையை இத்தோட வெச்சிருக்கேன். அதை ரொம்ப நம்பிப் படிக்காதீங்க. அதாவது, இந்த மாதிரி காகிதத்துல எப்பவும் ஒரு 'ஆனாலும்' இருக்கும்ல, அதைச் சொல்றேன். அம்மா பக்கத்துலயே நிக்கிறாங்க. உறையை ஒட்டணுமாம்.

வாலு


ஜூன் 13

வாலு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

இங்கே இருபத்திரண்டு மாடி, நான்கு லிஃப்ட். மூன்றாவது குழியில் பெட்டி ஓடும் தண்டவாளம் இன்னும் நேராக நிற்கவில்லை. போனை எடுக்காததற்கு அதுதான் காரணம் என்று எழுத நினைத்தேன். நீ நம்பமாட்டாய். போனை எடுத்தால் அதை நேரே அக்கா கையில் திணித்துவிடுவாய். அவளிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. காரணம் அதுதான்.

டாக்டர் அறையில் நான் பேசியதை நீ எழுத்து மாறாமல் எழுதியிருக்கிறாய். படிக்க நன்றாக இல்லை. ஒரே மாதிரி இரண்டு லிஃப்ட் என்று வைத்துக்கொள். கயிறு அறுந்தால் பெட்டியைப் பிடித்து நிறுத்த அடியில் ஒரு கொக்கி இருக்கும். என் பெட்டியில் அது இருந்திருக்கிறது, அவள் பெட்டியில் இல்லை. அது தெரியாமல், விழுந்தவளைப் பார்த்து நீ உள்ளே குதித்திருப்பாய் என்று சொல்லிவிட்டேன். ஏப்ரலில் விஷயம் தெரிந்ததும் வந்து காலில் விழுந்திருக்கலாம். இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஊரைவிட்டு வந்தேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு உன்னிடம் ரத்தம் கொடுத்த சாயங்காலத்திலிருந்து நான் சிகரெட்டைத் தொடவில்லை. வைராக்கியம் என்று நினைக்காதே, பயம். அக்காவுக்கு இரண்டும் பிழை என்றால் அதே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவன்தானே நானும். படுத்தால் என் மூச்சை நானே காது கொடுத்துக் கேட்டேன். நாற்பத்திரண்டு நாள். என்னுடன் வேலை செய்யும் தடியன் பந்தயமே கட்டினான்.

உன் கடிதம் வந்த மத்தியானம் ஒரு பாக்கெட் வாங்கினேன். பாதிக்குப் பாதி நல்லதாமே. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. முதல் இழுப்பில் தலை சுற்றியது. இரண்டாவதில் பழகிவிட்டது.

இதை அக்காவிடம் மூச்சு விடாதே. அவள் இப்போது எப்படி இருக்கிறாள்? வேலைக்குப் போகிறாளா?

மாமா


ஜூன் 19

மாமா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை ஆரம்பிச்சேன். முதல் மூணுலயும் ஜோக் இருந்துச்சு. கிழிச்சுட்டேன்.

மூச்சு விடாதேன்னு எழுதியிருந்தீங்க. அந்த வார்த்தைக்கு எங்க வீட்ல தடை போட்டிருக்கு. அம்மா அதைக் கேட்டா சிரிப்பாங்க, சிரிச்சா இருமல் வரும், இருமல் வந்தா கால் மணி நேரம் போயிரும். பஸ் நிலையத்துல இப்ப அவங்க கையில மைக் இல்லை. "அடுத்து புறப்படும் வண்டி"ன்னு ரெண்டு வரி சொல்ல மூணு இடத்துல நிறுத்துறாங்க, ஜனங்க நடுவுலயே ஓட ஆரம்பிச்சுடுறாங்களாம். அதனால தொலைஞ்ச பொருள் அறையில உட்கார வெச்சிருக்காங்க. "குடை வருது, பை வருது, ஒத்தைச் செருப்புகூட வருது. என் மூச்சைத்தான் எவனும் கொண்டுவந்து ஒப்படைக்க மாட்டேங்கிறான்"னு அவங்களே சொல்லிக்கிறாங்க.

இப்ப நான் சொல்ல வேண்டியது. அந்த அறிக்கை உங்களோடது இல்லை.

அன்னைக்கு உங்க அட்டை ஈரமா இருந்துச்சு. காயுற வரைக்கும் மடிக்கக்கூடாதுன்னு பஸ்ல மடியில விரிச்சு வெச்சிருந்தேன். என் வகுப்புக்காரி ஒருத்தி வந்து பக்கத்துல உட்கார்ந்தா. சிவப்பா, உருண்டையா நாலு மூஞ்சி மாதிரி இருக்குடின்னா. பேனா என் கையில இருந்துச்சு. முதல் வட்டத்துக்குக் கண்ணாடி போட்டு டாக்டர் ஆக்கினேன். ரெண்டாவதுக்கு அப்பாவோட பேக்கரித் தொப்பி. மூணாவதுக்கு மைக், அது அம்மா. நாலாவதுக்கு மீசை வெச்சு, வாயில ஒரு சிகரெட்டைச் சொருகினேன். அது நீங்க. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல கண்டக்டர் இறக்கி விட்டுடுவேன்னார்.

வீட்டுக்கு வந்துதான் பின்பக்கம் இருந்ததைப் படிச்சேன். வட்டத்துக்குள்ள எதுவும் எழுதக்கூடாது, கையே படக்கூடாதாம். மறுநாள் காலையில நீங்க கிளம்பிட்டீங்க. அம்மாகிட்ட சொல்ல பயம். உபரியா ஒரு அட்டை கொடுத்திருந்தாங்க. அதுல உங்க பேரை எழுதினேன். என் அட்டைக்கு வலது கை விரல், உங்க அட்டைக்கு இடது கை விரல்.

ரெண்டு முடிவும் ஒண்ணா வந்தது அதனாலதான். "மாமாவும் மருமகளும் ஒரே அச்சு"ன்னு ஊதல் அக்கா சிரிச்சப்ப நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன்.

உங்களுக்கு ரெண்டும் நல்லதா இருக்கலாம். ஒண்ணு மட்டும் கெட்டதா இருக்கலாம். அம்மா மாதிரி ரெண்டும் கெட்டதாவும் இருக்கலாம். கூடப் பிறந்தவங்களுக்கு நாலுல ஒரு பங்கு அப்படி ஆக வாய்ப்பு உண்டாம். யாருக்கும் தெரியாது. தெரியாம இருந்தவரைக்கும் நீங்க நிறுத்தியிருந்தீங்க. நாப்பத்திரண்டு நாள். அதைக் கெடுத்தது நான்.

விளையாட்டு வினையாகும்னு நாலாம் வகுப்புல பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். அப்ப கையெழுத்து அழகா வரணும்னு மட்டும்தான் எழுதினேன்.

தயவுசெஞ்சு திரும்பவும் நிறுத்திருங்க. என்மேல இருக்கிற கோபத்தை வேற எதுல வேணும்னாலும் காட்டுங்க.

வாலு


ஜூலை 16

மருமகளுக்கு,

இருபத்தைந்து நாள் எழுதாமல் இருந்தேன். எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

குழிக்குள் ஆள் இறங்கும்போது மேலே மின்சாரப் பெட்டியில் ஒரு சிவப்புச் சீட்டைத் தொங்கவிடுவோம். உள்ளே ஆள் இருக்கிறான், சுவிட்சைத் தொடாதே என்று அர்த்தம். போன வருடம் ஒருவன் அதைக் கழற்றித் தன் சட்டையில் பதக்கம் மாதிரி குத்திக்கொண்டு எல்லாரையும் சிரிக்கவைத்தான். கீழே நான் இருந்தேன். யாரும் சுவிட்சைப் போடவில்லை, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று சாயங்காலமே அவனை வேலையைவிட்டு அனுப்பினோம். அழுதான். விளையாட்டுக்குச் செய்தேன் என்றான். நீ எழுதியிருப்பதும் அதேதான்.

உன் அம்மா பொய் சொல்கிறாள் என்று டாக்டர் முன்னால் சொன்னேன். அந்த வீட்டில் பொய் சொல்வது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

மறுபடி ரத்தம் கொடு என்று கேட்கப்போகிறாய். கொடுக்கமாட்டேன். கெட்டது என்று தெரிந்து நான் என்ன செய்யப்போகிறேன்? நல்லது என்று தெரிந்தால்தான் என்ன? பாக்கெட் மேஜைமேல் இருக்கிறது. அது என் பாடு.

இனி எழுதாதே.


ஜூலை 22

மாமா,

எழுதாதேன்னு சொன்னீங்க. இது ஒண்ணு மட்டும்.

பொய் சொல்றது யாருன்னு நீங்க எழுதினது சரிதான். அதைப் படிச்ச அன்னைக்கே அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அடிப்பாங்கன்னு நினைச்சேன். அந்தப் பழைய அட்டையைக் கொண்டுவரச் சொன்னாங்க. புத்தகத்துக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். மடியில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. ரத்தம் காஞ்சு காப்பி நிறத்துல இருந்துச்சு. "மீசை, சரியா, வந்திருக்கு"ன்னாங்க. அவங்க இப்ப இப்படித்தான் பேசுறாங்க, வார்த்தைக்கு வார்த்தை கமா போட்டு. நான் காமெடிக்காகச் சொல்லலை. எழுதுறப்ப அப்படித்தான் எழுத வருது.

போன வாரம் வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்துருச்சு. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம். குளியலறை வரைக்கும் போக நீளமான குழாய். அப்பா காலையில பேக்கரிக்குப் போறப்ப அதை மிதிச்சிடாம ஓரமா சுருட்டி வெச்சுட்டுப் போறார். அடுப்புப் பக்கம் மெஷினோட போகக்கூடாதுன்னுட்டாங்க, சமையல் நான். அதைப்பத்தி அப்பா இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லலை. சொல்லாததே பெரிய விஷயம்.

நீங்க எழுதாதேன்னு சொன்னதையும் ரத்தம் கொடுக்கமாட்டேன்னதையும் அம்மாகிட்ட சொன்னேன். அவங்க சொன்னதை அப்படியே எழுதுறேன், இதுல என் சரக்கு எதுவும் இல்லை. "அவன் என்னை, பொய்க்காரின்னு, சொன்னது வலிச்சுது. இன்னும் வலிக்குது. அதுக்காக, அவனுக்கும் இதே மூச்சு வந்து, அதை நான் உட்கார்ந்து, பார்க்கணுமா? இன்னொரு அட்டை, அனுப்பு."

அனுப்பியிருக்கேன். ஊதல் அக்காகிட்ட என் பித்தலாட்டத்தைச் சொல்லித்தான் வாங்கினேன். அவங்க திட்டிட்டு, மேலதிகாரிகிட்ட என்னையே போய்ச் சொல்லச் சொன்னாங்க. போய்ச் சொன்னேன். பழைய அறிக்கையை ரத்து பண்ணிட்டாங்க.

ஊசி, பஞ்சு, அட்டை, அஞ்சல்தலை ஒட்டின உறை எல்லாம் உள்ள இருக்கு. அது நேரா பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். என் கை எங்கயும் படாது.

உங்க மருமகள்


ஆகஸ்ட் 5

வாலு,

இருபத்திரண்டாம் மாடியில் மோட்டார் அறை. போன வாரம் லிஃப்ட் ஓடாத நாளில் படியேறிப் போனேன். பதினான்காம் மாடியில் நின்றுவிட்டேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். நாற்பத்தொரு வயதில் எல்லாருமே அங்கே நிற்பார்களா, நான் மட்டும்தான் நிற்கிறேனா, தெரியவில்லை. தடியன் எனக்கு முன்னால் போய்விட்டான். ஆனால் அவனுக்கு இருபத்தாறு.

அன்று மத்தியானம் அவனை எதிரே உட்காரவைத்துவிட்டு அட்டையை எடுத்தேன். கண்ணை மூடித்தான் குத்திக்கொண்டேன், பதின்மூன்றாவது ஆளாக அவனும் அதைப் பார்த்துவிட்டான். நான்கு வட்டத்திலும் நானே விட்டேன். காயும்வரை நானே காவல் இருந்தேன். நானே தபாலில் போட்டேன்.

முடிவை உன் வீட்டு முகவரிக்கே அனுப்பும்படி எழுதியிருக்கிறேன். அதற்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், உனக்கும் தெரியட்டும்.

அக்காவுக்கு முதல் சிகரெட்டைக் கொடுத்தவன் நான். அப்போது எனக்குப் பதினாறு, உன் வயது. அவளுக்குப் பத்தொன்பது. மொட்டைமாடியில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தபோது வந்துவிட்டாள். வீட்டில் சொல்லிவிடுவாள் என்ற பயத்தில், நீயும் ஒரு இழுப்பு இழு என்றேன். குடித்தவள் கோள் சொல்ல முடியாதில்லையா. விளையாட்டுத்தான். அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அதன்பிறகு தினமும் நாலு, சாயங்காலத்தில், கல்யாணம் ஆன பிறகும். நான் இருபதுக்குப் போனேன். அவள் நாலைத் தாண்டவேயில்லை. தாண்டவில்லை என்று இந்த உலகத்தில் வேறு யாரைவிடவும் எனக்குத்தான் தெரியும். தெரிந்தேதான் அன்று டாக்டர் முன்னால் அப்படிச் சொன்னேன். நாலு என்பது உண்மையானால் அந்த முதல் ஒன்று என் கையிலிருந்து போனதாகிவிடும். இருபதை அவளே ஒளித்துக் குடித்தாள் என்றால் பாரம் என்மேல் இல்லை.

ஆகவே அந்த உறையை என்னால் பிரிக்க முடியாது. எனக்கும் இரண்டும் கெட்டது என்று வந்தால் ஒரு நிம்மதி இருக்கும், சொன்னால் பைத்தியம் என்பாய். அப்படி வந்தால் இன்றே பாக்கெட்டைத் தூக்கி எறிவேன், அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வேன். வேறு மாதிரி வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

நீ பிரி. முடிவை முதல் வரியிலேயே எழுது. அந்தக் கடிதத்தில் நீ எதை எழுதினாலும் நம்புவது என்று முடிவுசெய்திருக்கிறேன். உன்னை நம்புவதற்கு இன்னொரு சந்தர்ப்பம் வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை.

பழையபடி நாளுக்கு இருபதுதான்.

மாமா


ஆகஸ்ட் 30

மாமா,

உங்களுக்கு ரெண்டும் நல்லது.

அசல் அறிக்கையே இத்தோட இருக்கு. மேல முத்திரையும் உங்க பேரும் இருக்கு. நீங்க என்னை நம்ப வேண்டிய கட்டாயம் இருக்கக்கூடாதுன்னுதான் அசலையே அனுப்புறேன்.

உறை வந்து இன்னைக்கு ஆறு நாள் ஆச்சு. ஆறு நாள் என்ன பண்ணேன்னும் சொல்லிடணும். முதல் நாளே ஒரு கடிதம் எழுதினேன். "மாமா, ரெண்டும் கெட்டது"ன்னு. அதோட நிறுத்தலை, அம்மாவோட அறிக்கையைப் பார்த்து எண், குறியெல்லாம் அப்படியே எழுதினேன். ரொம்ப நல்லா வந்திருந்துச்சு. நான் இதுவரைக்கும் பண்ணின எல்லாத்துலயும் அதுதான் சுத்தமான வேலை. போட்டா நீங்க அன்னைக்கே நிறுத்திருப்பீங்க. நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. நிம்மதியும் கிடைச்சிருக்கும். இத்தனை நாளா நான் சொன்ன பொய்யெல்லாம் யாருக்காவது கெடுதல் பண்ணுச்சு. நல்லது பண்ணக்கூடிய ஒரே பொய் இதுதான். அதைப் பையில வெச்சுக்கிட்டு மூணு நாள் தபால் பெட்டி வழியாவே பள்ளிக்கூடம் போனேன்.

நாலாம் நாள் அம்மாவை ஊதுற பரிசோதனைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். அம்மா உள்ள உடை மாத்துறப்ப ஊதல் அக்காகிட்ட, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ரெண்டும் நல்லதுன்னு வந்திருக்கு, அவர் நாளுக்கு இருபது குடிக்கிறார், அவரைப் பயமுறுத்த மாத்திச் சொன்னா தப்பான்னு கேட்டேன். தெரிஞ்ச ஒருத்தர் யாருன்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன. வெளிய நாற்காலியில வரிசையா உட்கார்ந்திருந்தவங்களைக் காட்டினாங்க. பதினொரு பேர். "இதுல உங்க அம்மா மாதிரி ரெண்டும் கெட்டது எத்தனை பேருக்குன்னு நினைக்கிறே? யாருக்கும் இல்லை. எல்லாரும் நல்ல குறிப்பை வெச்சுக்கிட்டே, புகை பிடிச்சுப் பிடிச்சு இங்க வந்தவங்கதான். கொஞ்சம் நிதானமா வந்தாங்க, அவ்வளவுதான். உள்ளதைச் சொன்னாலே பயமுறுத்தப் போதும். நீ எதுக்குப் புதுசா தயாரிக்கிறே?"ன்னாங்க.

அதுக்காக மட்டும் கிழிக்கலை. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட உங்க முடிவைச் சொன்னேன். சரியான முடிவை. என்ன சொல்லுவாங்கன்னு பயமா இருந்துச்சு, மாமா. ஒரே வயித்துல பிறந்து, ரெண்டு கெட்டதும் ஒருத்திக்கு, ரெண்டு நல்லதும் ஒருத்தனுக்கு. கோபம் வரும்னு நினைச்சேன். அம்மா மூக்குல இருந்த குழாயைக் கழட்டிட்டு, கண்ணை மூடி, "அப்பாடா"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தையில மட்டும் கமா இல்லை. அப்புறம் குழாயைத் திரும்ப மாட்டிக்கிட்டு, எனக்குத் தெரியக்கூடாதுன்னு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

உங்களுக்குக் கெட்டதுன்னு எழுதினா, அந்த "அப்பாடா"வை உங்ககிட்டயிருந்து திருடினதா ஆயிடும். அதை மட்டும் என்னால பண்ண முடியலை.

முதல் சிகரெட் விஷயத்தை நான் அம்மாகிட்ட சொல்லலை. அது உங்களோடது.

வாலு


செப்டம்பர் 6

வாலு,

உன் கடிதத்தை மூன்றாவது குழியில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து படித்தேன். முதல் வரியைப் படித்ததும் உன்மேல் கோபம் வந்தது. இத்தனை வருடத்தில் நீ சொன்ன பொய்களுக்குக் கணக்கே இல்லை, தேவைப்பட்ட அன்று பார்த்து உண்மையைச் சொல்லியிருக்கிறாய்.

பிறகு மீதியைப் படித்தேன். நல்லது என்று வந்த முடிவுக்கு அழுத முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். தடியன் எனக்கு முடிவு மோசமாக வந்துவிட்டதாக நினைத்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். நான் திருத்தவில்லை. மேலேயிருந்து யாரோ பெட்டியை எடுக்கலாமா என்று கத்தினார்கள், தடியன்தான் பதில் சொன்னான்.

எனக்கு எதற்கு இரண்டு நல்லது என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிரித்துக் கொடுக்க முடியாத சொத்து. ஒன்றைக் கழற்றி அவளுக்கு மாட்ட முடியுமென்றால் இந்நேரம் திருகு ஆணிகூட எடுத்து வைத்திருப்பேன். இருபது வருடமாக அந்தக் காவல்காரனை வாசலில் நிறுத்திவைத்து, தினமும் இருபது தடவை அவன் முகத்தில் ஊதியிருக்கிறேன். அவன் போகவில்லை. அவளுக்கு அவன் வரவேயில்லை.

பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை எனக்கு விடுப்பு. அன்று காலையில் அதே நெஞ்சு டாக்டரிடம் நேரம் வாங்கி வை. அக்காவையும் கூட்டி வா. வீட்டுக்கு நான் முதலில் வரமாட்டேன். வீட்டில் மன்னிப்புக் கேட்டால் அவள் உடனே சரி என்றுவிடுவாள், தெரியும். அவளைப் பொய்க்காரி என்று ஒரு வெளியாள் முன்னால் சொன்னேன், அந்த ஆள் முன்னால்தான் அதைத் திரும்ப எடுக்கவேண்டும். நாலு என்று அவள் சொன்னது உண்மை, அது எனக்கு அன்றே தெரியும், முதல் ஒன்றைக் கொடுத்தது நான், மூன்றையும் சொல்வேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவது அவள் இஷ்டம்.

டாக்டர் என்னையும் கேட்பார், எத்தனை என்று. உன் கடிதம் வந்த அன்று இருபத்தொன்று. அதற்கு மறுநாள் பதினாறு. நேற்று ஒன்பது. இன்று மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இரண்டு, மூன்றாவதற்குக் கை போகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். பத்தொன்பதாம் தேதி அது பூஜ்யமாக இருக்கும் என்று உனக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன். எத்தனையோ, அதை அக்கா முன்னால் அப்படியே சொல்வேன். ஒன்றுகூடக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

மாமா